புல்லட் மாறவே இல்லை என்று யார் சொன்னது?

அன்புள்ள நண்பருக்கு,

கடிதம் கிடைத்தது. அம்பத்தூரில் உங்கள் அப்பா தொடங்கிய லேத் பட்டறையை இப்போது நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். மோட்டார் சைக்கிள் இன்ஜினுக்கான சின்னச் சின்ன உதிரிபாகங்களைக் கடைந்து கொடுப்பதுதான் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. மின்சார வண்டிகள் பெருகினால் ஆர்டர் என்ன ஆகுமோ என்று கவலைப்படுகிறீர்கள். ஆலோசனை சொல்ல வருகிறவர்கள் "மாறாவிட்டால் கதை முடிந்தது" என்கிறார்கள். அப்பாவோ, "திருவொற்றியூர் புல்லட் கம்பெனியைப் பாரு. எழுபது வருஷமா ஒரே வண்டி. மாறாததாலதான் நிக்குது" என்று வாயை அடைத்துவிடுகிறார். யார் பேச்சைக் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்தக் கேள்வி உங்கள் ஒருவருடையது அல்ல என்பதால் எல்லோரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன். அப்பா காட்டிய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். புல்லட் செய்யும் ராயல் என்ஃபீல்டின் கதையை முழுதாகப் பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் அதில் சாட்சி உண்டு. அந்தக் கம்பெனி மாறாமல் இருந்தே பிழைத்த காலம் உண்டு. மாறப்போய்ச் சறுக்கிய காலம் உண்டு. மாறாமல் கிடந்து மூடுவிழாவுக்கு நாள் எண்ணிய காலமும் உண்டு. எந்தக் காலத்தில் எது நடந்தது, ஏன் நடந்தது என்பதில்தான் உங்களுக்கான விடை இருக்கிறது.

1901-ல் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரில் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த கம்பெனி அது. புல்லட் என்ற பெயர் 1932-ல் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேடிய நம் ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேவையை நம்பி 1955-ல் ரெட்டிட்ச் கம்பெனியும், இங்கே அதன் வண்டிகளை விற்றுவந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின.

தாய்க் கம்பெனியின் கதை வேறு மாதிரி முடிந்தது. ஜப்பானிய வண்டிகள் வந்து இறங்கியதும் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழிலே ஆட்டம் கண்டது. ரெட்டிட்ச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் மிச்சம் மீதியும் நின்றது. அதே வரைபடத்தை வைத்து, அதே வண்டியைச் செய்த திருவொற்றியூர் ஆலைக்கு ஒன்றும் ஆகவில்லை. 1977-ல் இங்கிருந்து புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யவும் தொடங்கிவிட்டார்கள்.

அங்கே செத்தது இங்கே எப்படிப் பிழைத்தது? இங்கிருந்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் அல்ல. அன்று வெளிநாட்டு வண்டி உள்ளே வர முடியாது. உள்நாட்டில் புதிதாக ஒருவர் ஆலை போட வேண்டுமானால் டெல்லியின் லைசென்ஸ் வேண்டும். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த நாடு இது. வாங்குகிறவருக்கு வேறு வழி இல்லாத இடத்தில் விற்கிறவர் மாற வேண்டிய அவசியமும் இல்லை. "மாறாததால் நிற்கிறது" என்று அப்பா சொல்வது இந்தக் காலத்துக்கு முழுக்கப் பொருந்தும். ஆனால் அன்று அவர்களைக் காப்பாற்றியது அரசாங்கம் போட்ட வேலி.

அந்த வேலி 1980-களில் தளர்ந்தது. ஓசூரிலிருந்து 1980-ல் டிவிஎஸ் 50 வந்தது. அடுத்து ஜப்பானியக் கூட்டில் 100 சிசி வண்டிகள் வரிசையாக இறங்கின: இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100. லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் என்று கணக்குச் சொன்ன ஹீரோ ஹோண்டாவின் முன்னால், அதில் பாதிகூடத் தராத புல்லட்டை மாதச் சம்பளக்காரர் எதற்கு வாங்குவார்?

அப்போது என்ஃபீல்டு இந்தியா சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியின் ட்சுண்டாப் கம்பெனியின் நுட்பத்தை வாங்கிச் சின்ன வண்டிகள் செய்தது. எக்ஸ்ப்ளோரர், சில்வர் பிளஸ் என்று 50 சிசி வண்டிகள் வந்தன. மோஃபா என்ற மொபெட் வந்தது. ஃப்யூரி என்ற 175 சிசி வண்டியும் வந்தது. டீசலில் ஓடும் புல்லட்டைக்கூட விற்றார்கள். எரிபொருள் செலவு மிகக் குறைவு என்பதால் கிராமப்புறங்களில் அதை வாங்கக் கொஞ்சம் பேர் இருந்தார்கள். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது அதுவும் போயிற்று. சின்ன வண்டிகள் எதுவும் கூட்டத்தில் எடுபடவில்லை.

இந்த இடத்தைக் கவனியுங்கள். உங்கள் ஆலோசகர்கள் சொல்வதைத்தான் அவர்கள் செய்தார்கள். சந்தை சின்ன வண்டிக்குப் போனது, இவர்களும் சின்ன வண்டிக்குப் போனார்கள். ஆனால் சின்ன வண்டி செய்வதில் டிவிஎஸ்ஸையும் ஹோண்டாவையும் மிஞ்சுவதற்கு இவர்களிடம் என்ன இருந்தது? மலிவாகச் செய்ய அளவு இல்லை, நாடு முழுக்க விற்க டீலர்கள் இல்லை, ஜப்பானியரின் நுட்பமும் இல்லை. அடுத்தவர் பலமாக நிற்கும் களத்தில் போய், தங்களிடம் இல்லாத ஆயுதங்களோடு நின்றார்கள். இதற்கிடையில் சொந்தக் களமான புல்லட் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

1990-ல் டிராக்டரும் லாரியும் செய்துவந்த ஈச்சர் குழுமம் பங்கு வாங்கி உள்ளே வந்தது. 1994-ல் கம்பெனி முழுதாக அதன் கைக்குப் போனது. பெயர் ராயல் என்ஃபீல்டு என்றானது. நிலைமை மட்டும் மாறவில்லை. 2000-ம் ஆண்டு வாக்கில் மாதம் ஆறாயிரம் வண்டி செய்யக்கூடிய கம்பெனி இரண்டாயிரம்தான் விற்றது. மூடிவிடலாமா, வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்று ஈச்சரின் இயக்குநர் குழுவில் பேச்சு நடந்தது. அப்போது 26 வயதான சித்தார்த்த லால், குழும முதலாளி விக்ரம் லாலின் மகன், இரண்டு வருஷம் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு கம்பெனியின் பொறுப்புக்கு வந்தார்.

முதலாளி மகன் வந்தார், கம்பெனியைக் காப்பாற்றினார் என்று பத்திரிகைகள் இதைப் பலமுறை எழுதிவிட்டன. எனக்கு அதைவிட, அவர் எதைத் தொட்டார், எதை விட்டார் என்ற பட்டியல் முக்கியமாகப் படுகிறது. உங்களுக்கும் அதுவே பயன்படும்.

முதலில் செலவு. 1999-ல்தான் திறந்த ஜெய்ப்பூர் ஆலையை 2002-க்குள் மூடினார்கள். ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாடகை, வட்டி, சம்பளம், மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். மாதம் இரண்டாயிரம் வண்டிக்கு இரண்டு ஆலைகளின் சுமையைத் தூக்க முடியாது. ஒன்றை மூடினால் குறைந்த விற்பனையிலேயே மூச்சு விடலாம். இது எளிதான முடிவு அல்ல. அங்கே வேலை போனவர்களின் வீட்டில் இந்தக் கதை வேறு மாதிரிதான் சொல்லப்படும். ஆனால் வண்டியைத் திருத்துவதற்குத் தேவைப்பட்ட காலத்தை வாங்கிக் கொடுத்தது அந்த முடிவுதான்.

அடுத்து வண்டி. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டை உங்கள் அப்பா நன்றாக அறிந்திருப்பார். கிக்கரை மிதிப்பதற்கு முன் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவில் வந்து நிற்கிறதா என்று பார்த்து, அதன் பிறகுதான் முழு எடையையும் காலில் போட வேண்டும். முறை தப்பினால் கிக்கர் திருப்பி அடித்துக் கெண்டைக்காலைப் பதம் பார்க்கும். நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டியிருக்கும். மழைக்காலத்தில் இக்னிஷன் பாயின்ட் மக்கர் செய்யும். கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம், மற்ற எல்லா வண்டிகளுக்கும் நேர்மாறாக. அதிலும் ஒன்று மேலே, மூன்று கீழே.

இத்தனைக்கும் அந்த வண்டிக்குப் பக்தர்கள் இருந்தார்கள். அவர்களைக் கேட்டால் கியரை இடது பக்கம் கொண்டுபோவது பாவம் என்பார்கள். ஆயில் சொட்டுவதுதான் புல்லட்டுக்கு அழகு என்றுகூட வேடிக்கையாகச் சொல்வார்கள். இன்னொரு பக்கம், ஷோரூம் வரை வந்து, டேங்க்கைத் தடவிப் பார்த்து, சத்தத்தைக் கேட்டுச் சொக்கிப்போய், கடைசியில் வேறு வண்டி வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஆசை இருந்தது; நடுரோட்டில் நின்றுவிடுமோ என்ற பயம் அதைவிட அதிகமாக இருந்தது.

யார் சொல்வதைக் கேட்பது? கம்பெனியை மீட்ட கேள்வி இதுதான் என்று நான் நினைக்கிறேன். பக்தர்கள் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே போற்றினார்கள்: அவர்கள் நேசித்தது, அவர்கள் சகித்துக்கொண்டது. வண்டியின் உருவம், நீண்ட ஸ்ட்ரோக்கில் நிதானமாகத் துடிக்கும் ஒற்றை சிலிண்டர், அந்தச் சத்தம், உட்கார்ந்தால் வருகிற நிமிர்வு ஆகியவை நேசித்தவை. ஆயில் கசிவு, கிக்கர் அடி, வலது கியர், பாயின்ட் தொல்லை எல்லாம் சகித்தவை. ஆனால் பல வருஷம் ஒன்றைச் சகித்துப் பழகினால் அதையும் நேசிப்பதாகவே நம் மனம் கணக்கு வைத்துக்கொள்ளும். அதைப் பிரித்துக் காட்ட அவர்களால் முடியாது. வாங்காமல் திரும்பிப் போனவரால்தான் முடியும். அவரை இழுத்து வந்தது எது, திருப்பி அனுப்பியது எது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

ராயல் என்ஃபீல்டு திரும்பிப் போனவரைத் தன் பக்கம் இழுப்பதற்காக வேலை செய்தது. படிப்படியாக கியர் இடது பக்கம் வந்தது. பட்டன் ஸ்டார்ட் வந்தது. ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தின் உதவியோடு அலுமினிய இன்ஜின் செய்து 2002-ல் தண்டர்பேர்டில் வைத்தார்கள். 2008-ல் இன்ஜினும் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அமைந்த யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் இன்ஜின் வந்தது. கசிவதற்கான இணைப்புகள் குறைந்தன. ஹைட்ராலிக் டேப்பட் வந்ததால் அடிக்கடி டேப்பட் அட்ஜஸ்ட் செய்யும் வேலையும் போயிற்று. புகை விதிகள் இறுக இறுக, பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் அந்தப் பத்தாண்டின் முடிவில் விடைபெற்றது. அந்தப் புது இன்ஜினை 1950-களின் உருவத்துக்குள் உட்கார வைத்து கிளாசிக் என்று பெயரிட்டார்கள். ஜெர்மனியில் முதலில் காட்டி, 2009-ல் இங்கே விற்பனைக்கு விட்டார்கள். டேங்க்கின் மேல் தங்க நிறக் கோட்டைத் தூரிகையால் கையாலேயே இழுக்கும் வழக்கத்தை விடவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் தாத்தா காலத்து வண்டி. உள்ளே இருந்தது அந்த வருஷத்து இன்ஜின்.

உங்கள் தொழிலின் பக்கமிருந்து இதைப் பாருங்கள். "அதே வண்டி" என்று அப்பா சொல்கிறார். அந்த வண்டிக்குப் பாயின்ட் செட் செய்துகொடுத்தவரையும், வார்ப்பிரும்பு பேரல் வார்த்துக் கொடுத்தவரையும் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். பின்னால் 2020-ல் பிஎஸ்-6 என்ற புது புகை விதி வந்தபோது கார்புரேட்டர் போய் எல்லா வண்டியிலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் ஏறியது. வண்டியின் உருவம் நின்ற இடத்திலேயே நிற்க, உதிரிபாகப் பட்டியல் மட்டும் சில வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக எழுதப்பட்டது. வாங்குகிறவர் கண்ணுக்கு மாறாததும், வெண்டரின் கண்ணுக்கு அடியோடு மாறியதும் ஒரே வண்டிதான்.

இதெல்லாம் நடந்த வேளையில் ஈச்சர் குழுமத்திலும் கழிக்கும் வேலை நடந்தது. சுமார் பதினைந்து தொழில்கள் வைத்திருந்தார்கள். டிராக்டர், காலணி, துணி எல்லாம் அதில் உண்டு. பதின்மூன்றை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளையும் லாரியையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். குழுமத்தின் மூலத் தொழிலான டிராக்டரையே 2005-ல் நம் சென்னையின் டாஃபே கம்பெனிக்கு விற்றார்கள். லாரித் தொழிலுக்கு 2008-ல் வால்வோவைக் கூட்டாளியாக்கினார்கள். புதிதாக என்ன செய்யலாம் என்று யோசிப்பதில் எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். எதை நிறுத்துவது என்ற பேச்சு எடுத்தால் வீட்டிலேயே சண்டை வரும். ஆனால் பணமும் ஆளும் கவனமும் அங்கிருந்துதான் மிஞ்சும்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வண்டியைத் திருத்தியது மட்டுமே வெற்றிக்குக் காரணம் என்றால் அது பாதி உண்மை. 2003-க்குப் பிறகு நாட்டின் பொருளாதாரம் வேகமெடுத்தது. ஐடி சம்பளம் வந்தது. வண்டிக் கடன் சுலபமானது. நான்கு வழிச் சாலைகள் போடப்பட்டன. வேலைக்குப் போவதற்கு மட்டும் வண்டி என்ற நிலை மாறி, விடுமுறையில் ஊர் சுற்றவும், லடாக் வரை போய்வரவும் வண்டி தேடுகிற தலைமுறை வந்தது. 100 சிசி வண்டி ஓட்டி அலுத்தவருக்கு அடுத்த படியில் அன்று அதிகம் வண்டிகள் இல்லை. அந்தப் படியில் புல்லட் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. கிளாசிக்குக்கு மாதக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல் உருவானது. 2013-ல் ஒரகடத்தில் புது ஆலை ஓடத் தொடங்கியது. 2014-ல் விற்பனை மூன்று லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு ஹார்லி டேவிட்சன் உலகம் முழுக்க விற்றதைவிட அது அதிகம். 2017-ல் வல்லம் வடகாலில் இன்னொரு ஆலை வந்தது.

காற்று வீசியது உண்மை. ஆனால் மைசூரில் எஸ்டி செய்துவந்த ஐடியல் ஜாவாவையும் நினைத்துப் பாருங்கள். அதற்கும் பக்தர்கள் இருந்தார்கள், தனிச் சத்தம் இருந்தது, பெயரும் இருந்தது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினை விட்டு வெளியே வராமல், 100 சிசி வண்டிகளுக்கும் புகை விதிகளுக்கும் இடையில் சிக்கி 1996-ல் மூடிவிட்டார்கள். காற்று வந்தபோது அவர்களிடம் படகு இல்லை. ராயல் என்ஃபீல்டு அந்தக் காற்று வரும்வரை உயிரோடு இருந்தது, வந்தபோது விற்கத் தகுந்த வண்டியோடும் இருந்தது. அதிர்ஷ்டத்தில் நம் கையில் இருப்பது அவ்வளவுதான்.

வளர்ச்சி நிரந்தரமும் இல்லை. 2017-18-ல் எட்டு லட்சத்தைத் தாண்டிய விற்பனை, 2020-21-லும் அதற்கடுத்த ஆண்டிலும் ஆறு லட்சத்தை ஒட்டி வந்து நின்றது. அடிகள் அடுத்தடுத்து விழுந்தன. 2018 செப்டம்பரிலிருந்து புது இரு சக்கர வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீட்டை ஒரே தவணையில் கட்ட வேண்டும் என்றானது. அதே மாதம் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் விழ, வண்டிக் கடன் தரும் நிதி நிறுவனங்கள் கையை இறுக்கின. அந்தச் சமயத்தில் ஒரகடத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2019 ஏப்ரலில் இந்த அளவு வண்டிகளுக்கு ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தது. அந்த நேரத்தில் நாடே ஊரடங்கில் இருந்தது. அடுத்த வருஷம் சிப் பற்றாக்குறை. ஒவ்வொன்றும் வண்டி விலையைக் கூட்டியது, அல்லது வண்டி வெளியே வருவதைத் தடுத்தது.

போட்டியும் தூங்கவில்லை. 2017-லேயே பஜாஜ் தன் டோமினார் விளம்பரத்தில் பழங்கால வண்டி ஓட்டுபவர்களை யானைமேல் ஏற்றி நக்கலடித்தது. யார் என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. 2018-ல் ஜாவா பெயரில் வண்டி திரும்ப வந்தது. 2020-ல் ஹோண்டா 350 சிசியில் இறங்கியது. 2023-ல் ஒரே மாதத்தில் பஜாஜ் கூட்டில் ட்ரையம்ஃபும், ஹீரோ கூட்டில் ஹார்லியும் 400 சிசி வரிசையில் வந்து நின்றன.

இந்தச் சரிவிலிருந்து வெளியே வந்த விதம் முந்தைய பாடத்தின் தொடர்ச்சிதான். அதிகம் விற்காத 500 சிசி இன்ஜினை பிஎஸ்-6-க்காகச் செலவழித்துத் திருத்துவதில்லை என்று முடிவு செய்து 2020-ல் நிறுத்தினார்கள். 350-க்குப் புதிதாக 349 சிசி இன்ஜின் செய்தார்கள். பழைய இன்ஜினின் பெரிய குறை, வேகம் கூடினால் கையிலும் காலிலும் ஏறும் அதிர்வு. அதுவும் சகித்துக்கொண்ட பட்டியலில் இருந்த ஒன்றுதான். பேலன்ஸர் ஷாஃப்ட் போட்டு அதிர்வைக் குறைத்தார்கள். துடிப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த ஒரே இன்ஜினை வைத்து 2020-ல் மீட்டியோர், 2021-ல் புது கிளாசிக், 2022-ல் ஹண்டர், 2023-ல் புது புல்லட் என்று வரிசையாக விட்டார்கள். நீங்கள் பட்டறைக்காரர், இதன் கணக்கு சொல்லாமலே புரியும்: ஒரு டை, ஒரு ஃபிக்ஸர், பல வண்டி. 2022-ல் வந்தபோது ஹண்டரின் தொடக்க விலை சுமார் ஒன்றரை லட்சமாக இருந்தது. நகரத்தில் ஓட்ட இலகுவான, சின்ன உருவம் கொண்ட வண்டி. கல்லூரி முடித்து வேலையில் சேர்ந்தவரைக் கூப்பிட்டது அது. சின்ன ஊர்களில் பெரிய ஷோரூம் கட்டாமல், குறைந்த முதலீட்டில் நூற்றுக்கணக்கான ஸ்டுடியோ ஸ்டோர்கள் திறந்தார்கள்.

மேல் பக்கமும் ஒரு வழி திறந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ஒரு தொழில்நுட்ப மையம் அமைத்து, இரட்டைச் சிலிண்டர் 650 வண்டிகளை 2018-ல் கொண்டுவந்தார்கள். இங்கே இரண்டரை லட்சத்தில் விற்ற வண்டி வெளிநாடுகளில் அந்த அளவு வண்டிகளில் மிக மலிவானது. அர்ஜென்டினா, கொலம்பியா, தாய்லாந்து, பிரேசில் ஆகிய நாடுகளில் பாகங்களை அனுப்பி அங்கேயே பூட்டும் ஏற்பாடு செய்தார்கள். இறக்குமதி வரியும் மிச்சம், ஒரு நாட்டின் சந்தை படுத்தால் இன்னொன்று தாங்கும். 2024-25-ல் மொத்த விற்பனை முதல்முறையாகப் பத்து லட்சத்தைத் தாண்டியது. ஏற்றுமதி மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல்.

எல்லாம் ஜெயித்துவிடவில்லை. குழுமம் அமெரிக்காவின் போலாரிஸோடு சேர்ந்து மல்டிக்ஸ் என்று ஒரு வண்டி செய்தது. வீட்டுக்கும் கடைக்கும் பொதுவான நாலு சக்கர வண்டி, நிறுத்தினால் மின்சாரமும் தரும். நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. வாங்க ஆளில்லை. 2018-ல் மூடிவிட்டார்கள். இழுத்துப் பிடித்துக்கொண்டு பத்து வருஷம் ஓட்டவில்லை.

அரசாங்கத்தின் கோடு ஒரு தொழிலை எப்படி வளைக்கிறது என்பதற்கும் இங்கே ஓர் உதாரணம் உண்டு. ஜிஎஸ்டி வந்த 2017 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்குக் கூடுதல் தீர்வை இருந்தது. கம்பெனியின் பெரும்பான்மை விற்பனையோ அந்தக் கோட்டுக்கு ஒரு சிசி கீழே. 2025 செப்டம்பர் 22-ம் தேதி வரி மாறியது: 350 சிசி வரை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, அதற்கு மேல் 31-லிருந்து 40 ஆக உயர்ந்தது. ஒரே கம்பெனியின் ஒரு வரிசைக்கு 22,000 ரூபாய் வரை விலை குறைய, அதன் 650 சிசி வண்டிகளுக்கும் 450 சிசி வண்டிகளுக்கும் விலை ஏறியது. 400 சிசியில் போட்டிக்கு வந்தவர்களுக்கும் அதே வரி உயர்வு. கோடு நாளை வேறு இடத்தில் விழலாம். இரண்டு பக்கமும் வண்டி வைத்திருப்பவருக்கு இரவில் கொஞ்சம் தூக்கம் வரும்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். மின்சார வண்டியில் ராயல் என்ஃபீல்டு அவசரப்படவில்லை. 2024 நவம்பரில் மிலானில் ஃப்ளையிங் ஃப்ளீ என்ற மின்சார வண்டியைக் காட்டியது. இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் இறக்கிய தன் பழைய 125 சிசி வண்டியின் பட்டப்பெயரையே அதற்கு வைத்திருக்கிறது. சத்தமே இல்லாத வண்டிக்குப் புல்லட் என்று பெயர் வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எது நேசிக்கப்படுகிறதோ அதை ஒரு பக்கம் தொடாமல் வைத்துவிட்டு, பந்தயத்தை இன்னொரு பெயரில் கட்டியிருக்கிறார்கள். அது ஓடுமா ஓடாதா என்பதைச் சந்தை சொல்லும்.

உங்கள் பட்டறையின் அளவில் இதையெல்லாம் அப்படியே செய்ய முடியாது. இரண்டு வருஷம் நஷ்டம் தாங்க உங்கள் பின்னால் ஒரு குழுமம் இல்லை. அதனால் உங்கள் அளவுக்குச் சொல்கிறேன். இன்று நீங்கள் செய்யும் பாகங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். வால்வு, பிஸ்டன், கிளட்ச், கேம் சம்பந்தப்பட்டவை மின்சார வண்டியில் கிடையாது. ஆக்ஸில், புஷ், ஸ்பேசர், பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்டவை அதிலும் வேண்டும். முதல் வகையிலிருந்து எவ்வளவு பணம் வருகிறது, இரண்டாம் வகையிலிருந்து எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். உங்கள் பயத்துக்கு அளவு அப்போதுதான் தெரியும். லாபமே தராமல் பழக்கத்துக்காகச் செய்துவரும் பாகம் ஏதாவது இருந்தால் நிறுத்துங்கள். அந்த மெஷின் நேரம்தான் உங்கள் ஜெய்ப்பூர் ஆலை.

அடுத்ததுதான் முக்கியம். பல வருஷமாக ஆர்டர் தரும் வாடிக்கையாளர் உங்களைப் பற்றி நல்லதே சொல்வார். அவர் உங்கள் தாமதத்தையும் பழகிப்போய் மன்னித்திருப்பார். அவரை விடுங்கள். ஆர்டரை நிறுத்திவிட்டு வேறு பட்டறைக்குப் போனவரைத் தேடிப் போய்ப் பாருங்கள். மைக்ரான் கணக்கில் நீங்கள் காட்டும் துல்லியத்துக்காக வந்தாரா? டெலிவரி தேதி தவறியதால் போனாரா, ஆய்வுச் சான்றிதழ் இல்லாததால் போனாரா, விலைக்காகவா? வரவழைத்தது எதுவோ அதை உயிர்போல வைத்துக்கொள்ளுங்கள். போகவைத்தது எதுவோ அதை மாற்றுங்கள். புது சிஎன்சி மெஷினுக்குக் கடன் வாங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும். எல்லோரும் மின்சார வண்டிப் பாகத்துக்கு ஓடுகிறார்கள் என்பதற்காக மட்டும் நீங்களும் ஓட வேண்டாம். அங்கே உங்களைவிடப் பலமானவர்கள் ஏற்கெனவே நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஓடுங்கள்.

அப்பாவிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். துல்லியத்தை விடக்கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்தால் அவர் பக்கம் நில்லுங்கள். ரசீதைக் கையால்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மரியாதையோடு மறுத்துவிடுங்கள். விட்டுப் போனவர்களில் இரண்டு மூன்று பேரைப் பார்த்துப் பேசிய பிறகு என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். அடுத்த கடிதத்தில் அதைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்